டிஎஸ்ஜி பூச்சாண்டி

செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் என்றதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈசிஆரில் உறுமிக்கொண்டு போகும் மஞ்சள் கலர் சமாச்சாரங்களை நினைத்துக்கொள்ள வேண்டாம் மக்களே. அந்த ரேஞ்சில் எனக்கு யாரையும் தெரியாது. நான் சொல்லப்போவது ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ். பார்த்தால் ஏதோ ஆடிட்டர் ஆபீசுக்குப் போகிற வண்டி மாதிரி இருக்கும். டிக்கியில் ரெண்டு பெரிய சூட்கேஸ், ஒரு அரிசி மூட்டை தாராளமாகப் போகும். ஆனால் உள்ளே இருப்பது 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 230 குதிரை சக்தி. 2017-ல் இங்கே வந்தபோது ஷோரூம் விலை 24.62 லட்சம். பக்கத்தில் வந்து நிற்கிறவனுக்கு சிக்னல் பச்சையாகிற வரைக்கும் அது என்ன வண்டி என்று தெரியாது. அதுதான் அதன் அழகே.

மந்தைவெளியில் இருக்கிற என் மாமா அதில் ஒன்றை 2017 கடைசியில் வாங்கினார். 2025 ஜூனில் விற்றார். ஆசை தீர்ந்து விற்கவில்லை. மாமா பெண் மேல்படிப்புக்கு அயர்லாந்து போகிறாள், ஜூலைக்குள் ஃபீஸ் கட்டியாக வேண்டும், பேங்க் லோன் போக மீதியை இந்த வண்டிதான் தர வேண்டும். "நீதான் எகனாமிக்ஸ் படிக்கிறியேடா, கூட வா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு தி.நகர், அடையாறு என்று மூன்று வாரம் சுற்றினார். (நான் படிக்கிற எகனாமிக்ஸுக்கும் கார் விற்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது தோன்றியது. சம்பந்தம் இருக்கிறது, வருகிறேன்.)

அந்த மூன்று வாரத்தில் ஒரே வண்டிக்கு நாலு விலை கேட்டோம். 16 லட்சம், 17.5 லட்சம், 18.2 லட்சம், 21.75 லட்சம். வண்டி மாறவில்லை. மீட்டரில் அதே 48,000 கிலோமீட்டர். கிட்டத்தட்ட ஆறு லட்ச ரூபாய் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம்.

முதலில் காணாமல் போகிற பணத்தைப் பார்த்துவிடலாம். 24.62 லட்சம் ஷோரூம் விலை. தமிழ்நாட்டில் அப்போது பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு லைஃப் டாக்ஸ் 15 சதவீதம், அதாவது 3.69 லட்சம். மேலே இன்ஷூரன்ஸ், சில்லறைகள். மாமா கையை விட்டுப் போனது 29 லட்சத்துக்கு மேல். இதில் லைஃப் டாக்ஸ் 15 வருஷத்துக்குக் கட்டியது, வண்டியோடு அடுத்த ஓனருக்குப் போகிறது. ஆனால் எந்த டீலரும் "சார், ஏழரை வருஷ டாக்ஸ் பாக்கி இருக்கு, அதுக்கு இவ்ளோ" என்று சேர்த்துத் தரமாட்டார். அதே டீலர் விற்கும்போது "லைஃப் டாக்ஸ் கட்டின டிஎன் வண்டி பாஸ்" என்று அதை முதல் வரியிலேயே சொல்வார். அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. சென்னையில் சுற்றுகிற கொஞ்சம் பெரிய வண்டிகளில் பாண்டிச்சேரி நம்பர் நிறையப் பார்க்கலாம். அங்கே டாக்ஸ் குறைவு. அப்புறம் டெல்லி வண்டிகள். 2014-லும் 2015-லும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் பத்து வருஷ டீசல், பதினைந்து வருஷ பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை போட்டதிலிருந்து, அங்கே வயசாகிக்கொண்டிருக்கிற வண்டிகளைத் தெற்கே தள்ளிவிடுவது ஒரு தனி வியாபாரம். இரண்டும் விளம்பரத்தில் ரொம்ப மலிவாகத் தெரியும். ஆனால் என்ஓசி வாங்கி, இங்கே நம்பர் மாற்றி, வண்டியின் வயசுக்கேற்ற லைஃப் டாக்ஸை மறுபடியும் கட்ட வேண்டும். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் அந்த ரேட்டும் ஏறிவிட்டது: புது வண்டிக்குப் பத்திலிருந்து இருபது லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20. இரண்டு லட்சம் கம்மி என்று சந்தோஷப்பட்டு வாங்கினால் ஆர்டிஓ வாசலில் அந்த சந்தோஷம் போய்விடும்.

சரி, டீலர் கதைக்கு வருவோம். தி.நகரில் முதலில் போன இடத்தில் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார், பானெட்டைத் திறந்தார், மூடினார். முகத்தில் துக்க வீட்டுக்கு வந்த மாதிரி ஒரு பாவம்.

"வண்டி சூப்பரா வெச்சிருக்கீங்க சார். ஆனா டிஎஸ்ஜி சார் இது. கியர்பாக்ஸ் போச்சுன்னா நாலு லட்சம். எந்தப் பார்ட்டி சார் தைரியமா எடுப்பான்?"

அப்புறம் அடுத்த அஸ்திரம். "ஐடிவியே பதினொண்ணுதான் போட்டிருக்கான் பாருங்க."

அதற்கப்புறம் 16 லட்சம்.

டிஎஸ்ஜி என்பது ஃபோக்ஸ்வாகன் குரூப்பின் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதற்குக் கெட்ட பெயர் இருப்பது உண்மைதான். ஏழு கியர் வைத்த, டிக்யூ200 என்கிற வகை இருக்கிறது. அதில் கிளட்ச் எண்ணெயில் முங்காத உலர் கிளட்ச். வெயிலில், நின்று நின்று ஊர்கிற டிராஃபிக்கில் சூடாகும். கூடவே அதன் மெகட்ரானிக்ஸ் என்கிற கண்ட்ரோல் யூனிட்டும் மண்டையைப் போடும். சீனாவில் 2013-ல் இந்தத் தொல்லைக்காகவே சுமார் 3.84 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். மாமா வண்டியோடு ஷோரூமில் நின்ற சாதாரண ஆக்டேவியா 1.8-ல் இருந்தது அந்த உலர் வகை. விஆர்எஸ்ஸில் இருப்பது ஆறு கியர், டிக்யூ250, எண்ணெயில் முங்கி ஓடுகிற கிளட்ச். 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்வார்கள். கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தம்பி செய்த தப்புக்கு அண்ணனுக்கு அடி என்கிற கதை இது. கெட்ட பெயர் மூன்று எழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை.

இதை மாமா சொல்லிப் பார்த்தார். டீலர் சிரித்தார். "உங்களுக்குத் தெரியும் சார், வாங்குறவனுக்குத் தெரியாதே."

நியாயமான பதில் மாதிரித்தான் இருந்தது. ரெண்டு நாள் கழித்து அதே இடத்து விளம்பரத்தில் இன்னொரு விஆர்எஸ் கண்ணில் பட்டது. அதே 2017 மாடல், மாமா வண்டியை விடப் பத்தாயிரம் கிலோமீட்டர் கூட ஓடியது. கேட்ட விலை 24.5 லட்சம். கிளாஸ்மேட் ஒருத்தன் போனை வாங்கி வாங்குகிற பார்ட்டி மாதிரிப் பேசினேன். (அவன் ட்ரீட் கேட்டுக்கொண்டே இருக்கிறான், வருகிறதுடா.) நானே கேட்டேன், டிஎஸ்ஜி பிரச்சினை வருமாமே என்று.

"பாஸ், அது ட்ரை கிளட்ச்லதான் ப்ராப்ளம். இது வெட் கிளட்ச். ஆயில் மட்டும் மாத்திக்கிட்டு அடிச்சி ஓட்டலாம்."

வாங்குகிறவனுக்குத் தெரியாது என்று சொன்னவரே வாங்குகிறவனுக்குப் பாடம் எடுக்கிறார்! அதுவும் பிழையில்லாத பாடம். கார் அதே கார், கியர்பாக்ஸ் அதே கியர்பாக்ஸ், உள்ளே வரும்போது பூச்சாண்டி, வெளியே போகும்போது புண்ணியாத்மா. நடுவில் இருக்கிற லட்சங்களில் ஒரு பங்கு இந்தப் பூச்சாண்டிக்கான கூலி.

ஜார்ஜ் அகர்லாஃப் என்று ஒரு பொருளாதார அறிஞர். பழைய கார் சந்தையை வைத்து 1970-ல் எழுதிய கட்டுரைதான் அவருக்கு 2001-ல் நோபல் வாங்கிக் கொடுத்தது (அதை மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பின என்பது எங்களைப் போன்ற அரியர் கோஷ்டிக்கு ஆறுதல் :-)). அவர் சொன்னது இது. காரை விற்பவனுக்கு அதன் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லாக் காரையும் சந்தேகத்தோடு பார்த்து நடுவாந்தரமான விலைதான் சொல்வான். நல்ல கார் வைத்திருப்பவன் "இந்த விலைக்கு எதுக்கு" என்று விலகிவிடுவான். கடைசியில் சந்தையில் ஓட்டை வண்டிகள்தான் மிஞ்சும். தேர்வில் இதை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் மாமாவோடு சுற்றும்போது பார்த்தது வேறு. மாமாவுக்கு வண்டியைப் பற்றி எல்லாம் தெரியும், விலையைப் பற்றித் தெரியாது. டீலருக்கு வண்டியைப் பற்றி ஓரளவு தெரியும், விலையைப் பற்றி முழுக்கத் தெரியும். மாமா மாதிரி ஆள் ஏழெட்டு வருஷத்துக்கு ஒருமுறை விற்கிறார். அவர் வாரம் நாலு விற்கிறார்.

ஐடிவி சமாச்சாரமும் அப்படித்தான். இன்ஷூரன்ஸில் வண்டி திருட்டுப் போனாலோ முழுசாக நாசமானாலோ தருகிற அதிகபட்சத் தொகைதான் ஐடிவி. அதற்கு ஒரு அட்டவணை உண்டு. முதல் ஆறு மாதம் வரை 5 சதவீதம் கழிவு, ஒரு வருஷம் வரை 15, அப்புறம் 20, 30, 40, நாலிலிருந்து ஐந்து வருஷத்துக்கு 50. ஐந்துக்கு மேல் கம்பெனியும் நாமும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டியது. ஆல்டோவுக்கும் அதே கழிவு, விஆர்எஸ்ஸுக்கும் அதே கழிவு. 24.62-ல் பாதி 12.31. பிரீமியம் கம்மியாக வரட்டும் என்று மாமா 11-க்கு ஒத்துக்கொண்டிருந்தார். சந்தை விலைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம்: 22 லட்சம் கொடுத்து வாங்கி 11 லட்சம் ஐடிவியோடு ஓட்டினால், அடுத்த வெள்ளத்தில் வண்டி போனால் உங்களுக்கு 11தான். கம்பெனியிடம் பேசி எவ்வளவு ஏற்ற முடியுமோ ஏற்றிக்கொள்ளுங்கள்.

வெள்ளம் என்றதும் ஞாபகம் வருகிறது. வந்து பார்த்த அத்தனை பேரும் முதலில் கேட்டது எஞ்சினைப் பற்றி இல்லை. "2023 டிசம்பர்ல வண்டி எங்க நின்னுச்சு?" மிக்ஜாம் புயல் கேள்வி. வயசான வண்டியாக இருந்தால் 2015-ஐயும் சேர்த்துக் கேட்கிறார்கள். ஏர் இன்டேக் வழியாகத் தண்ணீர் எஞ்சினுக்குள் போய், அப்போது ஸ்டார்ட் பண்ணினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் கம்பெனி வண்டியை முழு நஷ்டம் என்று எழுதிவிடும். அப்படி எழுதப்பட்ட வண்டிகளில் சில துடைத்து மெழுகி வேறு ஊரில் மறுபடி முளைக்கும். வந்தவர்களில் ஒருத்தர் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்து, உள்ளே சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்த்தார். சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்தார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை ஏற்றி நிறுத்தினார்களே, எல்லாரும் கேலி செய்தோம். அந்த வரிசையில் நின்றவர்கள் காப்பாற்றியது காரை மட்டும் இல்லை, அதன் ரீசேலையும்தான். மாமாவிடம் ஒவ்வொரு சர்வீஸ் பில்லும் ஃபைலில் இருந்தது. 2023 டிசம்பருக்குப் பிறகு கம்பளம் மாற்றியதாகவோ எலெக்ட்ரிகல் வேலை பார்த்ததாகவோ ஒரு பில்லும் இல்லை. அந்த ஃபைல் பேசிய அளவுக்கு நாங்கள் ரெண்டு பேரும் பேசவில்லை.

(டெஸ்ட் டிரைவ் தனிக் காமெடி. மெட்ரோ வேலை நடக்கிற லஸ்ஸிலும் மந்தைவெளியிலும் 230 குதிரையை எங்கே அவிழ்த்து விடுவது? இருபதைத் தாண்டவில்லை. பக்கத்தில் மாநகரப் பேருந்து எங்களை முந்திக்கொண்டு போனது.)

அடையாறு பக்கம் இரண்டாவது இடத்தில் 17.5 லட்சம் சொன்னார்கள். கூடவே பார்க் அண்ட் சேல் என்று இன்னொரு வழியும் காட்டினார்கள். வண்டியை அவர்கள் யார்டில் விட்டுவிட வேண்டும், விற்றால் கமிஷன் போக நமக்கு. விலை கூடக் கிடைக்கும், ஆனால் எப்போது என்று சொல்ல மாட்டார்கள். மாமா வாயைத் திறந்து "ஜூலைக்குள்ள பணம் வேணும்" என்றார். நான் காலை மிதிப்பதற்குள் சொல்லிவிட்டார். அடுத்த நிமிஷமே பார்க் அண்ட் சேல் பேச்சு நின்று, 17.5-தான் ஃபைனல் என்று ஆகிவிட்டது. மொபைலில் பதிவு செய்தால் வீட்டுக்கே ஆள் வந்து படம் பிடித்துக்கொண்டு போய், டீலர்களுக்குள் ஏலம் விடுகிற கம்பெனி ஒன்று 18.2 கொடுத்தது. அங்கே அழுது வடிகிற முகம் எதுவும் இல்லை, அந்த வகையில் நல்லது.

டீலர் பக்கமும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சும்மா திட்டக் கூடாது இல்லையா. 17.5-க்கு வாங்கி பேரம் போக 23-க்கு விற்கிறார் என்று வையுங்கள். வித்தியாசம் 5.5 லட்சம். பழைய வண்டியில் டீலர் ஜிஎஸ்டி கட்டுவது இந்த வித்தியாசத்தின் மேல்தான், 18 சதவீதம். 2025 ஜனவரியிலிருந்து சின்னக் கார், பெரிய கார் எல்லாவற்றுக்கும் அதே ரேட். விலைக்குள்ளேயே அதை அடக்கினால் சுமார் 84,000 ரூபாய். 17.5 லட்சத்தை 12 சதவீத வட்டிக்கு எடுத்து, வண்டி நாலு மாதம் யார்டில் நின்றால் 70,000. ஸ்விஃப்ட் ஒரே வாரத்தில் போகும், இந்த மாதிரி வண்டி நிற்கும். பாலிஷ், டயர், வாடகை, ஆள் கூலி. கையில் மூன்று, மூன்றரை நிற்கலாம். மாட்டிக்கொள்ளும் ஆபத்துக்கு அது அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். வெளிப்படையாக "எனக்கு மூணு வேணும் சார்" என்று சொல்லியிருந்தால் மாமா அங்கேயே முடித்திருப்பார். பூச்சாண்டி காட்டியதுதான் அவருக்கு வலித்தது. ஏழு வருஷம் ஆசையாகப் பார்த்துக்கொண்ட வண்டியை ஒரு நோயாளி மாதிரிப் பேசினால் யாருக்கும் வலிக்கும்.

இத்தனைக்கும் இந்த வண்டி பாதி விலைக்கு விழாமல் நிற்பதற்குக் காரணம் யார்டில் இல்லை, ஷோரூமில் இருக்கிறது. 2020-ல் அடுத்த விஆர்எஸ் வந்தது, 245 குதிரை, வெறும் 200 வண்டிகள், 35.99 லட்சம். அதே மாதிரி ஒன்று புதுசாக வேண்டுமென்றால் 36 கொடுக்க வேண்டும், அதுவும் தீர்ந்துபோய்விட்டது என்றால், பழைய 230-ஐ வைத்திருப்பவன் ஏன் 14-க்கு விற்கிறான்? புதுசு கிடைக்காவிட்டால் பழசு எங்கே போகும் என்பதற்கு இலங்கையைப் பார்த்தால் போதும். 2020-ல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பிப்ரவரியில்தான். நடுவில் அங்கே ஓடிக் களைத்த வண்டிகள் வாங்கிய விலையை விட அதிகத்துக்குக் கைமாறின. இங்கேயும் வெளிநாட்டிலிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் கொண்டுவருவது நடக்கிற காரியம் இல்லை. மூன்று வருஷத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வரவேண்டும், வரி வேறு காரின் விலையைத் தாண்டும். ஆகவே நாட்டுக்குள் இருக்கிற சில நூறு விஆர்எஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது.

இந்த உண்மையை அறிந்தவர்கள் வண்டிப் பைத்தியங்கள்தான். அவர்களிடம் டிஎஸ்ஜி பூச்சாண்டி செல்லாது. மாமா தனக்குத் தெரிந்த விஆர்எஸ் ஓனர்களிடம் சொல்லிவைத்தார். பெங்களூரிலிருந்து ஒருத்தர் 22 தருவதாகச் சொன்னார். ஆனால் என்ஓசி, கர்நாடகா டாக்ஸ் என்று முழுப் பணமும் வர ஒன்றரை மாதமாகும் என்றார். அடுத்து வந்தவர் கோயம்புத்தூர்க்காரர். காலை ஏழு மணிக்கு மந்தைவெளி வாசலில் நின்றார், ஃபைலை ஒரு மணி நேரம் படித்தார், லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பார்த்தார், 21.75 என்றார். ஒரே மாநிலம், டாக்ஸ் தொல்லை இல்லை. 50,000 டோக்கன், மீதி ஆர்டிஜிஎஸ், பணம் அக்கவுண்டுக்கு வந்த பிறகு சாவி.

இங்கே ஒன்று சொல்லியே ஆகவேண்டும். முதலில் போன இடத்தில் 29, 30 நம்பர் ஃபாரங்களில் பெயரும் தேதியும் போடாமல் கையெழுத்து மட்டும் கேட்டார்கள். "பார்ட்டி கிடைச்சதும் நாங்க ஃபில் பண்ணிக்கிறோம் சார், எல்லாரும் அப்படித்தான்." எல்லாரும் அப்படித்தான் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், விபத்து நடந்தால் நஷ்டஈடு அவர் தலையில் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 230 குதிரை வண்டியை யாரோ டெஸ்ட் டிரைவ் என்று எடுத்துக்கொண்டு போய் எங்காவது இடித்தால் கோர்ட் படியேற வேண்டியது மந்தைவெளி மாமா. 2023 ஏப்ரலிலிருந்து பதிவு பெற்ற டீலர்கள் வண்டியைத் தங்கள் கைக்கு எடுத்ததை ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க 29சி என்று தனி ஃபாரமே வந்துவிட்டது. அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிற யார்டில் வண்டியை விடாதீர்கள். கோயம்புத்தூர்க்காரரோடு எல்லாம் பெயர், தேதி, நேரம் எழுதித்தான் கையெழுத்தானது. மூன்று வாரத்தில் ஆர்.சி. மாறியதை மாமா போனில் தினமும் ரெண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டார்.

ஃபீஸ் கட்டியாகிவிட்டது. மாமா பெண் டப்ளினில் குளிருகிறது என்று புலம்பிக்கொண்டிருக்கிறாள்.

2025 செப்டம்பரில் புதுக் கார்களுக்கு ஜிஎஸ்டி குறைந்தது, புதுசு இறங்கினால் பழசும் இறங்கத்தானே வேண்டும். நல்ல வேளை ஜூனிலேயே விற்றோம் என்று அத்தை சொன்னார். அக்டோபரில் ஸ்கோடா மறுபடியும் ஆக்டேவியா ஆர்எஸ் கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் 100 வண்டி, 49.99 லட்சம், முன்பதிவிலேயே தீர்ந்துபோயிற்று. அதற்கப்புறம் அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

மாமா இப்போது லஸ்ஸுக்கு நடந்தே போய்வருகிறார். வண்டியில் மிச்சம் இருப்பது இன்ஷூரன்ஸ் கம்பெனி தந்த ஒரு கடிதம்: 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ். அது வண்டியோடு போகாது, ஓனரோடுதான் இருக்கும், அடுத்து வாங்குகிற காருக்குப் பயன்படும். மூன்று வருஷம் செல்லும். சர்வீஸ் பில் வைத்திருந்த அதே ஃபைலில் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்.